டிப்ளோப்பியா என்று எழுதிய சீட்டு

அக்கா,

ரேஷன் கார்டிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லி அம்மா ஒரு வாரமாக நச்சரிக்கிறாள். செத்தவர்கள் பெயரை வைத்திருந்தால் கார்டையே முடக்கிவிடுவார்கள் என்று தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கல்யாணம் ஆனபோதே உன் பெயர் திண்டிவனத்துக் கார்டுக்குப் போயிருக்க வேண்டும். அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் எடுத்துக் கொடுக்கவில்லை. நீ அங்கே அடி வாங்கிக்கொண்டிருந்த மாதங்களில் உன் பங்கு அரிசியை இங்கே நாங்கள் பொங்கித் தின்றுகொண்டிருந்தோம்.

இன்று காலை பீரோ மேலிருந்து பையை இறக்கினேன். நீ வேலை பார்த்த ஜவுளிக்கடையின் பைதான், பிடி அறுந்தது. கார்டுக்கு அடியில் அந்தச் சீட்டு இருந்தது. அப்பா லேமினேட் செய்த ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு. தகரக் கூரைச் சூட்டில் இளகி, பையின் உள்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தபோது வெந்த பிளாஸ்டிக் வாடை வந்தது. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில், மெஷினிலிருந்து வெளியே வந்த அதை அப்பா சூட்டோடு வாங்கி ஊதி ஊதி ஆற்றியபோது வந்த அதே வாடை.

சீட்டில் உன் பெயர். வயது இருபத்திரண்டு. பெண். அதற்குக் கீழே இரண்டு எழுத்து, பக்கத்தில் ஒரு சொல்: டிப்ளோப்பியா. அதற்கும் கீழே ஒரு சத்து மாத்திரை, ஒரு சொட்டு மருந்து. அவ்வளவுதான். மூன்று வருஷம் நம் வீடு அந்த ஒரு சொல்லை நம்பி வாழ்ந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன்னைப் புகழ்ந்து எழுதப் போவதில்லை. செத்த பிறகு புகழ்வது எங்களுக்கு ரொம்ப வசதியாகிவிடும்.

முதலில் நீதான் சிரித்தாய். கடையில் உன் ஷிப்ட் ஏழு மணிக்கு முடியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு நான் அழைக்க வருவேன். ஒருநாள் ரோட்டைக் கடக்காமல் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாய்.

"டேய், ரெண்டு லாரி வருதுடா. போவட்டும்."

"ஒண்ணுதான்க்கா வருது."

"ஒண்ணா? எனக்கு ஒட்டிக்கினு ரெண்டு வருது." என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நீயும் ரெண்டா நிக்கிற. உன்ன ஒருத்தன வெச்சிக்கினே பேஜாரா இருக்கு. சாயங்காலம் ஆனா ஜோடியா வேற வர்ற."

வீட்டுக்குப் போகும் வழியில் கேரியரில் உட்கார்ந்தபடி சொன்னாய்: "காலைல எழுந்தா சரியாயிடுதுடா. அஞ்சு மணிக்கு மேலதான். கண்ணு ரெப்ப தானா எறங்குது. பொடவைய பிரிச்சா ரெண்டு பார்டர் தெரியுது. எத மடிக்கிறதுன்னே தெரியல."

இதை நன்றாகப் படித்துக்கொள் என்று எனக்கு நானே சொல்கிறேன். காலையில் சரி, ஐந்து மணிக்கு மேல் இரண்டு. முதல் நாளே நீ சொல்லிவிட்டாய். எனக்குக் காது கேட்டது.

காலை ஒன்பதரை முதல் நின்றுகொண்டே வேலை. உட்கார ஸ்டூல் கிடையாது. கஸ்டமர் இல்லாதபோது சுவரில் சாய்ந்தால் பெயரை எழுதிக்கொள்வார்கள். பண்டிகை மாசம் என்றால் கால் வீங்கி, செருப்பின் வார் பதிந்த தடத்தோடு வருவாய். அதனால் "அலுப்பு" என்றோம். நிற்கிற பெண்களுக்கெல்லாம் வருவது உனக்கும் வந்திருக்கிறது என்றோம். அந்தக் கடையில் நின்ற முப்பது பெண்களுக்கும் கால் வலித்தது. இரண்டாகத் தெரிந்தது உனக்கு மட்டும்.

நீயாக ஒரு வழி கண்டுபிடித்தாய். இடது கண்ணை மூடினால் இரண்டும் ஒன்றாகிவிடும். "கடவுள் ரெண்டு கண்ணு குடுத்ததே வேஸ்ட்டுடா. ஒத்தக் கண்ணுல எல்லாம் ஒழுங்கா தெரியுது" என்று செய்து காட்டினாய். அன்றிலிருந்து சாயங்காலமானால் ஒரு கண்ணை மூடித்தான் ரோட்டைக் கடந்தாய், பஸ் போர்டு படித்தாய், புடவை மடித்தாய், எதிரில் நிற்கும் ஆளின் முகத்தைப் பார்த்தாய்.

எதிரில் நிற்கும் ஆள் ஆண்பிள்ளையாக இருந்தால்? அதை நாம் யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வயசுப் பெண் ஒரு கண்ணை மூடினால் அது தனக்காகத்தான் என்று நினைக்காத ஆண் இந்த விழுப்புரத்தில் ஒருவனும் இல்லை. பொண்டாட்டிக்குப் புடவை எடுக்க வந்தவன் நினைத்தான். எடை மெஷின் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் நினைத்தான். நம் தெருப் பையன்கள் உனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவர்கள் சொன்னபோது நானும் ஒருமுறை சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம் கடையிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், தோளில் சாக்குத் தூசியோடு அப்படியே வந்தார். நானும் போனேன். மாடியில் ஒரு சின்ன அறை. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஃப்ளோர் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தான். நீ மூலையில் நின்றாய்.

"பெரியவரே, நா வாயால சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நீங்களே பாருங்க."

கேமராவில் பதிந்ததை ஓட்டினான். நீ ஒரு ஆளுக்கு எதிரே புடவையைப் பிரிக்கிறாய். நிமிர்கிறாய். ஒரு கண் மூடுகிறது. அடுத்தது வேறு நாள், வேறு ஆள். ஒரு கண் மூடுகிறது. அப்படி ஆறோ ஏழோ.

"பொடவ காட்டச் சொன்னா இது கண்ண காட்டுது. லேடீஸ் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க. இது கடையா, இல்ல வேற எதுனாவா?"

"சார், எனக்கு ரெண்டா தெரியுது சார், அதனாலதான்..." என்று நீ ஆரம்பித்தாய்.

"சரக்கு போட்டாத்தாம்மா ரெண்டா தெரியும். அது வேறயா?" என்றான். பில் போடும் பையன்கள் இருவர் கதவருகே நின்று சிரித்தார்கள்.

அப்பா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மூட்டைக் காண்டிராக்டர் முன்னால் நிற்பது போலவே நின்றார்.

ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்தப் படத்தின் ஓரத்தில் மணி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து ஐம்பது. ஆறு நாற்பது. ஆறு இருபத்தைந்து. ஒன்றுகூட மத்தியானத்தில் எடுத்தது இல்லை. உன் பக்கத்து நியாயம் முழுவதும் அந்தத் திரையின் மூலையில் எண்ணாக ஓடியது. அறையில் இருந்த அத்தனை பேரும் உன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கீழே சைக்கிள் ஸ்டாண்டில் உன்னை அறைந்தேன். எனக்குப் பதினெட்டு வயசு. பாலிடெக்னிக்கில் முதல் வருஷம். அக்காவை அடிக்கிற வயசா என்று இன்று கேட்கலாம். அன்றைக்கு அப்பாவே தடுக்கவில்லை. கை ஓங்கினால் யாரும் விலகுவார்கள். நீ விலகவில்லை. என் கை எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கமே தலையைச் சாய்த்தாய். கன்னத்தைக் கொண்டுவந்து கொடுத்தது போல இருந்தது. திமிர் என்று நினைத்தேன். அதற்காக இன்னொன்று விட்டேன்.

மறுநாளே அம்மா உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நானும் கூட வந்தேன். கண் ஓ.பி. ஏழரைக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மூடும். விடிந்ததும் போய் வரிசையில் நின்றோம். எட்டே முக்காலுக்கு உள்ளே விட்டார்கள். உனக்கு முன்னால் ஐம்பது பேர், பின்னால் நூறு பேர். டாக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"என்னம்மா?"

"ரெண்டா தெரியுது சார்."

விரலை நீட்டினார். "இது எத்தன?"

"ரெண்டு சார்."

"ரெண்டுதாம்மா காட்றேன்." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவர் டார்ச் அடித்தார். மேலே பார், கீழே பார் என்றார். எல்லாம் சரியாக இருந்தது. காலை ஒன்பது மணிக்கு உன் கண் எல்லார் கண்ணையும் போலத்தான் இருக்கும். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று அம்மாவைக் கேட்டார். "பண்ணி வைங்க" என்றார். அந்தச் சொல்லை எழுதினார். அடுத்த ஆள் வந்து உன் ஸ்டூலில் பாதி உட்கார்ந்துவிட்டான்.

வெளியே வந்து மருந்து கொடுக்கும் ஜன்னலில் அம்மா கேட்டாள். "இன்னா எழுதியிருக்காரு சார்?"

"டிப்ளோப்பியா."

அம்மாவின் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? அவ்வளவு நீளமான இங்கிலீஷ் பெயர். பெயர் இருக்கிறது என்றால் வியாதி இருக்கிறது, வியாதி இருக்கிறது என்றால் நீ கண்ணடிக்கவில்லை. அப்பா அந்தச் சீட்டைச் சர்ட்டிபிகேட் போல மடிக்காமல் கொண்டுபோய் லேமினேட் செய்தார். நேராகக் கடைக்குப் போனோம்.

சூப்பர்வைசர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். "டிப்ளோப்பியாவா? கண்ணுல கோளாறா?"

"ஆமாங்க சார். எம் பொண்ணு மேல தப்பு இல்லீங்க. வியாதிங்க."

"அப்ப நல்லதாப் போச்சு பெரியவரே. கண்ணுல வியாதி இருக்கற பொண்ண வெச்சிக்கினு நா எப்படிக் கடை நடத்தறது? கலர் மாத்தி குடுத்துட்டா?"

கண்ணடிக்கிற பெண்ணாக இருந்தபோது எச்சரிக்கை மட்டும். வியாதிக்காரப் பெண் ஆனதும் வேலை போயிற்று. அப்பா சீட்டைப் பத்திரமாக வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது உன் பக்கமே திரும்பவில்லை.

வேலை போனதும் கல்யாணப் பேச்சு. உன் மானத்துக்கு அத்தாட்சியாக இருந்த சீட்டு ஒரே நாளில் மறைக்க வேண்டிய பொருளாகிவிட்டது. அம்மா அதை ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தாள். வெளியே காட்டினால் வியாதிக்காரி. காட்டாவிட்டால் கண்ணடித்தவள். இரண்டில் எது உனக்குக் குறைந்த கேடு என்று அம்மாவும் அப்பாவும் சமையலறையில் பேசினார்கள். உன்னைக் கேட்கவில்லை. நீயாக உள்ளே போய்ச் சொன்னாய்.

"வர்ற மாப்பிள்ளகிட்ட சொல்லிடலாம்மா. சொன்னா வேணாம்னு போவாரு. அவ்ளோதான?"

"போனா அடுத்தது எவன்டி வருவான்? ஊரே சிரிக்குது. தாலி ஏறட்டும். அப்பறம் நிதானமா சொல்லிக்கலாம்."

மாப்பிள்ளைக்குத் திண்டிவனத்தில் பைபாஸ் ஓரம் டயர் கடை. பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். அப்பா பதறிப்போய்த் தரகரிடம் பேசினார். "சாயங்காலம் வேணாங்க. காலைல பூசை முடிஞ்ச கையோட வந்துடச் சொல்லுங்க. டிபன் இங்கயே." வந்தார்கள். காலை ஒன்பது மணி. பச்சைப் புடவையில், இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, காபி சிந்தாமல் கொடுத்தாய். அவன் அம்மாவே சொன்னாள்: "கண்ணுதான் பொண்ணுக்கு லட்சணம்."

இங்கேதான் எனக்கு வெறி வருகிறது, அக்கா. உன் கண் எப்போது ஒன்றாகப் பார்க்கும், எப்போது இரண்டாகப் பார்க்கும் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் மணிக்கணக்காகத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு நேரம் குறிக்கத் தெரிந்தது. டாக்டரிடம் அதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒளிப்பதற்கு மட்டும் நமக்கு மூளை வேலை செய்தது.

மூன்று ஞாயிறு மாதா கோயில் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். உன் பெயர், அவன் பெயர், இரண்டு ஊர்ப் பங்குக் கோயில்களின் பெயர். கடைசியில் ஃபாதர் வழக்கமாகச் சொல்வது: இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும். மூன்றாவது ஞாயிறு நீ என் பக்கம் சாய்ந்து காதில் கேட்டாய்.

"டேய், நானே போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?"

விளையாட்டாகக் கேட்டாய் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு இல்லை. எழுந்திருக்க உனக்கு ஒரு ஆள் துணை வேண்டியிருந்தது. "வாய மூடுக்கா" என்றேன்.

கல்யாணம் காலை பத்து மணிக்கு. அதில் தப்பித்தோம். சாயங்கால ரிசப்ஷனை வேண்டாம் என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர்கள் விடவில்லை. ஆல்பம் நம் வீட்டில் இருக்கிறது. பாதி இமை இறங்கி, தூக்கத்தில் நிற்பவள் போல இருக்கிறாய். "கண்ண நல்லாத் தொறம்மா" என்று போட்டோக்காரன் கத்திக்கொண்டே இருந்தான். அம்மா பின்னால் நின்று உன் முதுகைக் கிள்ளினாள். கிள்ளும்போது நிமிர்கிறாய் அல்லவா, அந்தப் படங்களைத்தான் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள்.

திண்டிவனத்தில் என்ன நடந்தது என்று எனக்குப் போனில் நீ சொன்னது மட்டுமே தெரியும். சாயங்காலம் சாப்பாடு போடும்போது இரண்டு தட்டு தெரியும். இல்லாத தட்டில் ரசம் ஊற்றினாய். "குடிச்சிருக்கியாடி?" என்று கேட்டு உன் புருஷன் அடித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாய். எதிரில் அவனுடைய தம்பி உட்கார்ந்திருந்தான். அதற்கும் அடித்தான். அந்த அடிக்குக் காரணம் சொல்ல உனக்கு வாய் இருந்தது. சொன்னால் மறைத்தது தெரிந்துவிடும் என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள்.

"காலைல நாலு மணிக்கே எழுந்துடறேன்டா. மதியத்துக்குள்ள எல்லாத்தயும் முடிச்சிடறேன். சாயங்காலம் நான் செத்த மாதிரி" என்றாய் ஒருமுறை. குரல் மூக்கிலிருந்து வந்தது. அழுகிறாய் என்று நினைத்தேன்.

"மூக்கால பேசாதக்கா, ஒண்ணும் புரியல."

"நா பேசல, அதுவா வருது. கேப்பைக் களி முழுங்க முடியலடா. தண்ணி குடிச்சா மூக்கு வழியா வருது."

"மெதுவாக் குடி" என்றேன். இதுதான் படித்த தம்பி உனக்குச் சொன்ன வைத்தியம்.

ஒன்றரை வருஷத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். ஆட்டோவில் பெட்டியோடு உன்னை இறக்கிவிட்டு அவன் இறங்காமலே போனான். அதற்குப் பிறகு சாயங்காலமானால் நீ சுவரைப் பார்த்து உட்காருவாய். சுவருக்கு இரண்டு இல்லை என்றாய். யாரையும் பார்க்காமல் இருந்தால் கண்ணை மூடவேண்டிய அவசியமும் இல்லை. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தால் அம்மா கதவைச் சாத்துவாள்.

ஒரு மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் மூச்சு வாங்கியது. கழுத்து நிற்கவில்லை. தலையை அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வளவனூர் வழியாகப் பாண்டிச்சேரிக்கு வண்டி பறந்தது. போகும்போது நீ எதையோ சொன்னாய். காற்று மட்டும் வந்தது.

அங்கே ட்யூட்டியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. மணி ஆறேகால் இருக்கும். உன் முகத்தைப் பார்த்தவள் பேனாவைத் தொடவில்லை. கையுறையில் ஐஸ் கட்டியைப் போட்டு முடிச்சிட்டு உன் இமை மேல் வைத்தாள். இரண்டு நிமிஷம். எடுத்தபோது மூடிக்கிடந்த இமை மேலே தூக்கி நின்றது. என்னை நேராகப் பார்த்தாய்.

"காலைல எப்படி இருக்கும்மா இவங்களுக்கு?" என்று கேட்டாள்.

"காலைல நல்லா இருக்கும் டாக்டர். மூணு வருஷமா எப்பவும் சாயங்காலம்தான்." அம்மா மூச்சு விடாமல் சொன்னாள்.

"இத இதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலியே டாக்டர்."

நரம்புக்கும் தசைக்கும் நடுவே போகிற சேதி களைத்துப் போகும் வியாதி அது. ஓய்வெடுத்தால் சரியாகும், உழைத்தால் விழும். மயஸ்தீனியா என்றாள். மாத்திரை இருக்கிறது, சாதாரண மருந்துக்கடையிலேயே கிடைக்கும். "மூணு வருஷம் முன்னாடியே வந்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது."

"மூணு வருஷம் முன்னாடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோங்க" என்றேன்.

"எத்தன மணிக்கு?"

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்பாதான் முன்னால் வந்தார். துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப எம் பொண்ணு கண்ணடிக்கல, இல்லீங்களா?"

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரிந்தது. கட்டிலில் கிடந்து அதைக் கேட்டாய். மூன்று வருஷமாக உன்னைப் பெற்ற அப்பா மனசில் அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டே சீட்டை லேமினேட் செய்திருக்கிறார், பெண் பார்க்க நேரம் குறித்திருக்கிறார், உன்னைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். உயிர் போகிற நேரத்தில் அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தாய். கழுத்து திரும்பவில்லை.

பதினோரு நாள் குழாய் போட்டுக் கிடந்தாய். சளி கட்டி நுரையீரல் போயிற்று. நடுவில் ஒருநாள் உன் மாமியார் வந்தாள். "இத மறைச்சித்தான எம் புள்ளைக்குக் கட்டி வெச்சீங்க? நல்லா இருப்பீங்களா?" என்று வார்டிலேயே கத்தினாள். அவள் மகன் உன்னை அடித்த கணக்கு வேறு. ஆனால் அன்றைக்கு அந்த வார்டில் உண்மை பேசியது அவள் ஒருத்திதான்.

நான் இப்போது விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறேன். சேர்ந்த முதல் மாதமே டாக்டர் சீட்டு ஒன்றில் அந்தச் சொல் வந்தது. சொல்லுக்கு முன்னால் சி, ஓ என்று அதே இரண்டு எழுத்து. ஸ்கேன் எடுக்கிற மேடத்திடம் கேட்டேன்.

"மேடம், இந்த டிப்ளோப்பியா வியாதி குணமாகுமா?"

"அது வியாதியே இல்லப்பா. ரெண்டா தெரியுதுன்னு ஆளு வந்து சொல்லுது இல்ல, அத அப்படியே டாக்டர் பாஷைல எழுதறது. டிப்ளோன்னா ரெட்டை, ஓப்பியான்னா பார்வை. முன்னாடி இருக்கற ரெண்டு எழுத்துக்கு, பேஷன்ட் இப்படிச் சொல்றாருன்னு அர்த்தம். வயித்துவலின்னு எழுதற மாதிரிதான். எதனால வலின்னு அதுக்கப்பறம்தான பாக்கணும்?"

அன்றைக்கு அந்த டாக்டர் உனக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. நீ சொன்னதையே இங்கிலீஷில் எழுதி உன் கையிலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறார். நாம் அதைப் பதில் என்று நினைத்து பிளாஸ்டிக் போட்டு மூடினோம். அந்தச் சொல்லை எழுதிய பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றனவாம். ஒரு கண்ணை மூடினால் போய்விடுகிறதா? பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறதா, மேலும் கீழுமா? எந்த நேரத்தில்? அவ்வளவும் கேட்க ஒரு நிமிஷம் ஆகாது. அந்த ஒரு நிமிஷத்தை உனக்குக் கொடுக்க, ஏழைகள் நின்ற அந்த வரிசையில் இடமில்லை. நம் வீட்டில் எத்தனையோ நிமிஷம் இருந்தது. நாங்களும் கொடுக்கவில்லை.

இப்போதெல்லாம் அந்தச் சொல்லோடு யார் வந்தாலும் கேட்கிறேன். போன வாரம் ஒரு டெம்போ டிரைவர்.

"அண்ணே, எந்நேரத்துல ரெண்டா தெரியுது? காலைலயா, சாயங்காலமா?"

"நீ இன்னா டாக்டரா? டைப் அடிக்கிற வேலையப் பாருய்யா. டோக்கன ஜல்தி குடு" என்றார்.

சரிதான். ஆனாலும் அவர் சீட்டின் பின்பக்கம் "எந்த நேரம் என்று கேட்கவும்" என்று பென்சிலில் எழுதி அனுப்பினேன். எந்த டாக்டராவது திருப்பிப் பார்த்தாரா, தெரியாது. உனக்குச் செய்யாததை ஊருக்குச் செய்து பாவம் கழுவுகிறேன் என்று நினைத்துவிடாதே. கழுவ முடியாது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

ரேஷன் ஆபீசுக்கு நாளை போகிறேன். உன் பெயரை எடுத்துவிடுவார்கள். சீட்டைப் பைக்குள் மறுபடி போடவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

அந்த மேடம் இன்னொன்றும் சொன்னார். இரண்டாகத் தெரிகிறவர்களுக்கு எது நிஜம், எது பொய் என்று சட்டென்று பிரிக்க முடியாதாம். தம்ளரை எடுக்கப் போய்க் காற்றைப் பிடிப்பார்களாம். கேட்டதிலிருந்து அந்த சைக்கிள் ஸ்டாண்டு என்னை விடவில்லை. அன்றைக்கு மணி ஏழு. உனக்கு நான் இரண்டு பேர். இரண்டு கை ஓங்கியது. அதில் ஒன்றிலிருந்து தப்பிக்கத் தலையைச் சாய்த்தாய். அது இல்லாத கை. நீ சாய்ந்த பக்கத்தில் என் கை இருந்தது.

முதல் அறை, நீ கண்ணடித்தாய் என்று. இரண்டாவது அறை, நீ விலகவில்லை என்று.

நீ கண்ணடிக்கவில்லை, அக்கா. நீ விலகினாய்.